கொரில்லா ரோபோவும் செங்கல் விண்கலமும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

பேர் போட வேண்டாம், ஆபீஸ்ல உங்க சைட் படிக்கிறவங்க நாலு பேர் இருக்காங்க. நான் நல்ல சினிமா பாக்கிற ஆளுன்னு எல்லாரும் நம்பிட்டிருக்காங்க, பாக்கவும் செய்றேன். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேல தனியா உக்காந்து நான் பாக்கிறது அட்டைப்பெட்டி ரோபோ, பொம்மத் துப்பாக்கி லேசர், உலகம் அழிஞ்சதுக்கப்புறம் லெதர் ஜாக்கெட் போட்டுட்டு பாலைவனத்துல சுத்துற ஆளுங்க, இந்த மாதிரி லோ பட்ஜெட் சயின்ஸ் பிக்‌ஷன் ஆக்‌ஷன் படங்கதான். முழுசா பாக்க பொறுமை கிடையாது, ஒன்றரை ஸ்பீட்ல ஓட்டுவேன், படு கேவலமான இடம் வந்தா கட் பண்ணி ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போடுவேன், சிரிச்சு செத்துருவோம். மனைவி "இதுக்கா இவ்ளோ படிச்சீங்க"ங்கறாங்க. என் ரசனை கெட்டுப்போச்சாண்ணா? எடுக்கிறது குப்பைன்னு எடுக்கும்போதே தெரியாத அளவுக்கு அவனுங்க முட்டாளுங்களா? இனிமே ஏஐ வந்து இந்த வகைப் படமே இல்லாம போயிடுமா? அப்படியே ஒரு டாப் டென் லிஸ்ட்டும் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உன் ரசனைக்கு ஒன்னும் ஆகல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல மனுஷன் எத வேணா பாக்கலாம், சத்தத்த மட்டும் கம்மியா வெச்சுக்க. லிஸ்ட் தர மாட்டேன், லிஸ்ட் கேட்டு வாங்கினவங்க யாரும் அதுல இருக்கிற ஒரு படத்தையாவது பாத்ததா எனக்கு தகவல் இல்ல. ஏஐ பத்தி இன்னைக்கு பேசப் போறதில்ல, எல்லாரும் அதத்தான் பேசிட்டிருக்காங்க.

ஆனா "முட்டாளுங்களா"ன்னு போற போக்குல ஒரு வார்த்தைய போட்டிருக்க பாரு, அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. கொஞ்ச நாளா நானும் இந்தப் படங்களத்தான் திரும்பத் திரும்ப பாத்துட்டிருக்கேன், எனக்கு தோணுறது நேர் எதிர். இந்தப் படங்கள்ல வர்ற ஒவ்வொரு அபத்தத்துக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, பெரும்பாலும் ரொம்ப புத்திசாலித்தனமான காரணம், கைல காசில்லாதவன் அவசரத்துல கண்டுபிடிச்ச காரணம். அத தேடிப்பிடிக்கிறதுதான் இந்தப் படங்களோட சுவாரசியமே. நீ சிரிச்சுட்டு நகந்துடுற.

1953ல வந்த ரோபோ மான்ஸ்டர் படத்த எடுத்துக்க. பூமிய அழிச்சிட்டு, தப்பிச்ச ஏழெட்டு பேர தேடித்தேடி கொல்ல வர்ற வேற்றுகிரக ரோபோ பத்தின கதை. திரையில என்ன வருதுன்னா கழுத்துக்கு கீழ கொரில்லா, கழுத்துக்கு மேல கடல்ல முங்குறவங்க போடுற ஹெல்மெட். இத பாத்து எழுபது வருஷமா சிரிக்கிறாங்க. ஏன் கொரில்லான்னு கேட்டா விஷயம் ரொம்ப சிம்பிள், ரோபோ உடுப்பு செய்ய டைரக்டர் ஃபில் டக்கர் கைல பணமில்ல, ஜார்ஜ் பாரோஸ்னு ஒரு நடிகர் சொந்தமா கொரில்லா சூட் வெச்சிருந்தார், ஹாலிவுட்ல கொரில்லா வேணும்னா கூப்பிடுற ஆளுங்கள்ல அவர் ஒருத்தர், கம்மி காசுக்கு வந்து நடிக்கத் தயாரா இருந்தார், கொரில்லா தலைய கழட்டிட்டு ஹெல்மெட்ட மாட்டியாச்சு, ரோபோ ரெடி. மொத்தப் படமும் நாலு நாள்ல முடிஞ்சது, செலவு சுமார் 16,000 டாலர், அதையும் 3டில வேற எடுத்திருக்காங்க! வேற்றுகிரகத்தோட பேசுற கருவின்னு ஒன்னு வரும், அதுலருந்து சோப்புக் குமிழியா பறக்கும், அந்தக் குமிழி மிஷினுக்கு டைட்டில் கார்டுல தனியா நன்றி போட்டிருக்காங்க. எவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுஷங்க பாரு.

அதுலயே ஒரு இடம், அந்த கொரில்லா ரோபோவுக்கு ஒரு பொண்ண கொல்லச் சொல்லி உத்தரவு வருது, அதுக்கு மனசு வரல, மலையடிவாரத்துல நின்னு தனியா புலம்புது. செஞ்சே ஆகணும், ஆனா முடியல, இது ரெண்டும் எந்தப் புள்ளில சந்திக்கும்ங்கற மாதிரி. நீயா இருந்தா இத கட் பண்ணி குரூப்ல போட்டிருப்ப. எனக்கு அது டைரக்டரே பேசுற மாதிரிதான் கேட்டுச்சு.

பேய்ப்படம் எடுக்கிறவனுக்கு இருட்டு போதும். குடும்பப்படத்துக்கு ஒரு ரூம், ரெண்டு பேர், கொஞ்சம் கண்ணீர். காசில்லைங்கறத அவனால மறைக்க முடியும். சயின்ஸ் பிக்‌ஷன் ஆக்‌ஷன்காரனுக்கு மட்டும் அந்த வசதியே கிடையாது. "விண்கலப் படை தாக்குகிறது"ன்னு பேப்பர்ல எழுத எந்தச் செலவும் இல்ல, எழுதிட்டா காட்டியாகணும். எதிர்காலத்த காட்டணும், அங்க போட்டுக்கிற துணிய காட்டணும், துப்பாக்கிய காட்டணும், அப்புறம் அத்தனையையும் அடிச்சு நொறுக்கி வேற காட்டணும். எழுதினதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய பள்ளம் வேற எந்த வகைப் படத்துலயும் இல்ல, நம்மள இழுக்கிறதே அந்தப் பள்ளம்தான்னு நெனைக்கிறேன்.

எங்க சித்தப்பா ஒருத்தர் தச்சர். கொஞ்ச காலம் நாடகத்துக்கு செட் வேலையும் பாத்தவர். கேசட் போட்டு இங்கிலீஷ் படம் பாத்த காலத்துல அவரும் எங்ககூட உக்காருவார், ஒரு வார்த்த இங்கிலீஷ் தெரியாது, கதையும் கேக்க மாட்டார், அவர் பாத்ததெல்லாம் சுவரு. ஹீரோ ஒருத்தன தூக்கி விண்கலத்தோட சுவத்துல வீசுவான், சுவரு லேசா ஆடும், சித்தப்பா உடனே "பின்னாடி முட்டு குடுக்கல"ம்பார். அதுக்கப்புறம் சண்ட முடியற வரைக்கும் அவருக்கு கவலையெல்லாம் அந்த முட்டு மேலதான், எவன் செத்தா என்ன. ஷ்ஷ்னு சத்தத்தோட கதவு தானா திறக்கும், "கயிறு கட்டி அந்தப் பக்கம் ஒரு பையன் இழுக்கிறான், இந்தத் தடவ லேட்டா இழுத்துட்டான் பாரு, திட்டு வாங்கியிருப்பான்"னு அந்தப் பையனுக்காக வருத்தப்படுவார். நாங்க சிரிச்சா கோவம் வந்துடும். "ஒரு ஷீட்டு ப்ளைவுட்டும் நாலு ரீப்பரும் குடுக்கிறேன், நாளைக்குள்ள விண்கலம் செஞ்சு காட்டுங்கடா"ன்னு சத்தம் போடுவார், அவர் சொன்னா செஞ்சு காட்டவும் வெச்சிடுவார்ங்கற பயத்துல வாய மூடிப்போம். ஒரு தடவ பெரிய பட்ஜெட் படம் ஒன்னு போட்டோம், எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கான்"னு எழுந்து படுக்கப் போயிட்டார்.

அவர் போய் ரொம்ப காலம் கழிச்சுதான் ஸ்பேஸ் மியூட்டினி பாத்தேன், 1988 படம், தென்னாப்பிரிக்காவுல எடுத்தது. வெளிய விண்வெளியில பறக்கிற கப்பல் ஷாட்டெல்லாம் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா டிவி தொடர்லருந்து எடுத்து ஒட்டினது. உள்ள போனா ஏதோ ஃபேக்டரி, இரும்புப் படிக்கட்டு, கம்பி கைப்பிடி, செங்கல் சுவரு! நட்சத்திரங்களுக்கு நடுவுல பறக்குற கப்பல், உள்ள செங்கல் வெச்சு கட்டியிருக்கு. துரத்துற சீன்ல தரை துடைக்கிற மிஷின் மாதிரி ஒரு வண்டில நடக்கிற வேகத்துல துரத்துறாங்க. கொல்லப்பட்ட பெண் அதிகாரி அடுத்த சீன்லயே தன் சீட்ல உக்காந்து வேலை பாத்துட்டிருக்காங்க, எடிட்டிங்ல யாரோ சீன முன்னப்பின்ன போட்டிருக்கணும். கடைசி வரைக்கும் சித்தப்பா ஞாபகமாவே இருந்துச்சு, செங்கல்லுக்கு முட்டு வேண்டாம்னு சந்தோஷப்பட்டிருப்பார்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது சைபோர்க்தான், 1989, ஆல்பர்ட் ப்யூன் எடுத்தது. கேனன்னு ஒரு கம்பெனி, மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸோட ரெண்டாம் பாகத்தையும் ஒரு ஸ்பைடர்மேன் படத்தையும் எடுக்கப் போறோம்னு உடுப்பு தச்சு செட்டெல்லாம் போட ஆரம்பிச்சாச்சு, சுமார் 20 லட்சம் டாலர் அதுலயே போயிடுச்சு, அப்புறம் பாத்தா கம்பெனில பணமில்ல, உரிமை கைய விட்டுப்போச்சு, ரெண்டு படமும் அவுட்டு. உடுப்பும் செட்டும் மட்டும் அப்படியே நிக்குது. ப்யூன் என்ன பண்ணார், ஒரு வார இறுதில உக்காந்து அதுக்கெல்லாம் பொருந்துற மாதிரி ஒரு கதைய எழுதினார். சட்டை முதல்ல வந்து மனுஷன் அப்புறம் வந்த படம். அஞ்சு லட்சம் டாலருக்குள்ள எடுத்தது, அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடி டாலர் வசூல். பேர் வைக்கக்கூட நேரமில்ல போல, ஹீரோ பேரு கிப்சன் ரிக்கன்பேக்கர், வில்லன் ஃபெண்டர் ட்ரெமோலோ, எல்லாம் கிட்டார் சம்பந்தப்பட்ட பேருங்க. ஹீரோ வான் டாம், பேசுறது ரொம்ப கம்மி, நடக்கிறது ஜாஸ்தி, நடுவுல சிலுவைல வேற அறையறாங்க. ஆனா ஒரு ஃப்ரேம் விடாம எவனோ கைல கிடைச்சத வெச்சு உலகத்த கட்டிட்டிருக்கான்னு தெரிஞ்சுட்டே இருக்கும். மேலோட்டமா பாத்தா ஒரு கேனத்தனமான படம், ஒத்துக்கிறேன். நல்ல படம்னு நான் எங்கயும் சொல்லல, அத முதல்ல புரிஞ்சுக்க.

டைரக்டர் எட் வுட் கதை உனக்கே தெரிஞ்சிருக்கும், டிராகுலாவா நடிச்ச பெலா லுகோசி 1956ல செத்துட்டார், கைல அவர் நடந்து போற கொஞ்ச நிமிஷ ஃபிலிம்தான் இருந்துச்சு, எட் வுட் அத விடாம பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்ல வெச்சு, மீதி சீனுக்கெல்லாம் தன் மனைவிக்கு முதுகு வைத்தியம் பாத்தவர போர்வைய முகத்துல பிடிச்சுட்டு நடக்க வெச்சார். ஆள் லுகோசிய விட உயரம், முகமும் ஒத்துப்போகல, அதுக்காக படத்த நிறுத்திடுவாங்களா? படத்துக்கு பணம் போட்டது ஒரு பாப்டிஸ்ட் சர்ச் ஆளுங்க. இதெல்லாம் சொல்லி சிரிக்கிறவங்க மீதிய சொல்ல மாட்டாங்க. எட் வுட் 1978 டிசம்பர்ல வாடகை கட்ட முடியாம வீட்ட விட்டு துரத்தப்பட்டு, குடிச்சு உடம்பு கெட்டு, அடுத்த சில நாள்லயே 54 வயசுல செத்துப்போனார். உலகத்துலயே மோசமான படம்னு ஒரு புத்தகம் பிளான் 9க்கு பட்டம் குடுத்தது 1980ல. அதுக்கப்புறம்தான் ஊர் உலகமெல்லாம் டிக்கெட் வாங்கி உக்காந்து சிரிச்சுது. அந்த சிரிப்புல ஒரு பைசா அவருக்கு போகல. பெருசா ரசிக்கிறோம்ங்கறீங்களே, கொஞ்சம் முன்னாடி ரசிச்சிருக்கக் கூடாதா?

இப்போ உன்ன திட்டணும். ஒன்றரை ஸ்பீட்ல பாக்கிறதும் முப்பது செகண்ட் கட் பண்ணி போடுறதும் இருக்கே, அது இந்தப் படங்களுக்கு செய்யற துரோகம், நீ பெரிய படத்த வேணா அப்படி பாரு, தாங்கும். இந்தப் படங்கள்ல முக்கால்வாசி போர்தான். காரிடார்ல நடப்பாங்க, திரும்பி வருவாங்க, மறுபடி அதே காரிடார், லைட்டு மட்டும் சிவப்பா மாறியிருக்கும். அந்த போர் ஏன் இருக்கு? விக்கணும்னா முழுநீளப் படமா இருக்கணும், எண்பது நிமிஷமாவது தேத்தணும், எடுத்த சண்ட மொத்தம் பத்து நிமிஷம்தான் வரும், மீதிக்கு என்ன செய்வான், நடக்க விடுவான். அந்த நடைய பாக்காம ரோபோ தலை கழண்டு விழற இடத்த மட்டும் பாத்தா உனக்கு என்ன புரியும்? ஒன்னும் புரியாது, "முட்டாளுங்க"ன்னு எழுதத்தான் தோணும். அந்த காரிடார்ல நீயும் கொஞ்ச நேரம் மாட்டிக்கணும். கண்ணு சுவருக்கு போகும், சுவத்துலருந்து அந்த லைட்டுக்கு போகும், இத யார் செஞ்சிருப்பான்னு ஒரு யோசனை வரும், அப்பத்தான் நீ அந்தப் படத்த பாக்கவே ஆரம்பிக்கிற.

சூறாவளில சுறா பறந்து வர்ற ஷார்க்நேடோ மாதிரி படங்கள பத்தி உன் கடிதத்துல இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன், எனக்கு அது ஆகாது. கேவலமா இருக்கணும்னு பிளான் பண்ணி எடுத்தது, நீ எங்க சிரிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, அப்புறம் நான் எதுக்கு.

இன்னொரு வாதமும் எனக்கு எரிச்சல். ஜேம்ஸ் கேமரூன், லோ பட்ஜெட் பட தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் கம்பெனில 1980ல பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்க்கு விண்கல மாடல் செஞ்சுதான் மேல வந்தார், ஆகவே இந்த மாதிரிப் படமெல்லாம் முக்கியம்னு பெரிய ஆளுங்க பேசுவாங்க. மேல வந்தவன வெச்சு கீழ இருந்தவனுக்கு மதிப்பு போடுற கணக்கு அது. அதே கூடத்துல பசை தடவிட்டிருந்து கடைசி வரைக்கும் பசையே தடவினவன் எத்தன பேரு? கார்மன் அந்தப் பட விண்கல ஷாட்ட வீணாக்காம அப்புறம் எடுத்த படங்கள்லயும் போட்டார், அது வேணா எனக்கு பிடிச்ச தகவல்.

ஆனா காசில்லாத சினிமான்னா எல்லாம் அப்பாவிங்கன்னு நெனச்சு உருகிடாத. 1982ல துருக்கில ஜுனெய்த் அர்கின் நடிச்ச துன்யாயி குர்த்தரான் ஆதாம்னு ஒரு படம், ஸ்டார் வார்ஸ் ஃபிலிம அப்படியே எடுத்து ஹீரோ முதுகுக்குப் பின்னாடி ஓட்டியிருக்காங்க, ஹீரோ அசையாம உக்காந்திருக்கார், பின்னாடி ஷாட்டு மாற மாற கப்பல் திடீர்னு வேற பக்கம் போகுது. பச்சை திருட்டு, ஆனா எனக்கு சிரிப்பும் வருது, போகட்டும். இத்தாலிக்காரங்க எடுத்த ஹேண்ட்ஸ் ஆஃப் ஸ்டீல் விஷயம் அப்படி இல்ல. பாதி மனுஷன் பாதி மிஷின் கதைதான் அதுவும். 1985ல அமெரிக்காவுல அரிசோனால ஷூட்டிங் நடக்கும்போது ஹெலிகாப்டர் விழுந்து க்ளாடியோ காசினெல்லிங்கற நடிகர் செத்துப்போனார். அந்தப் படத்தையும் நான் உன்ன மாதிரி ராத்திரில பாத்திருக்கேன். ஹெலிகாப்டர் வர்ற ஷாட்லெல்லாம் எனக்கு சிரிப்பு வரல. சுவரு ஆடினா முட்டு குடுக்கலன்னு சொல்லலாம், இதுக்கு என்ன சொல்றது.

உன் கேள்வி என்னவோ ரசனைதானே? அதுக்கு மேலயே சொல்லிட்டேன். சைபோர்க்க இந்த வாரம் பாரு, நார்மல் ஸ்பீட்ல, போன அடுத்த ரூம்ல வெச்சுட்டு. எந்த உடுப்பு எந்த நின்னுபோன படத்துக்கு தச்சதா இருக்கும்னு பாத்து எழுது, பத்துக்கு எத்தன மார்க்குன்னு எழுதி அனுப்பினா படிக்க மாட்டேன். முடிஞ்சா உங்க வீட்ல அவங்களையும் பக்கத்துல உக்கார வை. அவங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி விடாம எழுது, உன் கருத்த விட அது எனக்கு உபயோகமா இருக்கும்.