கணக்கில் லாபம், கையில் காசில்லை

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி மேல்வகுப்பில் இருக்கும்போதே கல்லூரிக்கும் வணிகத் துறைக்கும் எப்படித் தயாராவது என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதி, ‘எந்தப் படிப்புக்குச் சம்பளம் அதிகம்?’ என்பவை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். அந்தப் பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் சோதிடன் அல்லன். முப்பது ஆண்டுகள் பிறருடைய கணக்கைத் தணிக்கை செய்தவன். அந்த வேலையில் கண்டதை வைத்தே மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறேன். எனக்குக் கணக்கு வராது. கணிதம் இல்லாமல் வணிகவியல் எடுத்துவிட்டு, பிறகு மேலாண்மை படிக்கலாம் என்றிருக்கிறேன். சரியா ஐயா?

முடிவெடுக்கும் முன் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். நீங்கள் சேர விரும்பக்கூடிய நான்கைந்து கல்லூரிப் படிப்புகளின் சேர்க்கை விதிகளை எடுத்து, பள்ளியில் என்னென்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று மட்டும் பாருங்கள். பொருளாதாரம், நிதி, புள்ளியியல், காப்பீட்டுக் கணிப்பு போன்றவற்றுக்குப் பல இடங்களில் பள்ளிக் கணிதம் கேட்பார்கள். கணிதத்தை விடுவது எளிது. இரண்டு ஆண்டு கழித்து அதைத் திரும்பப் பிடிப்பதுதான் கடினம்.

‘கணக்கு வராது’ என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்கு வராமல் இருந்தது விழுக்காடு மட்டுமே. 100 என்று இருந்த விலையை 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் என்ன கிடைக்கும்? மறுபடி 100 என்று சொன்னால் நீங்கள் 4 இழந்தீர்கள், கிடைப்பது 96. அடக்கவிலையின் மேல் 25 விழுக்காடு லாபம் வைத்தால், விற்ற விலையில் அது 20 விழுக்காடுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தள்ளுபடி அறிவித்த முதலாளிகளை என் தொழிலில் சந்தித்திருக்கிறேன்.

இன்னொன்று 72 விதி. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டாகும் என்று தெரியும். 8 விழுக்காடு கூட்டுவட்டியில் 9 ஆண்டு. அதே விதி கடனுக்கும் பொருந்தும் என்பதைச் சேமிப்பு விளம்பரங்கள் சொல்வதில்லை. 24 விழுக்காட்டுக் கடனைத் தொடாமல் விட்டால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் போவதற்குள் இரட்டிப்பாகிவிடும்.

கணிதமும் வணிகக் கணக்கும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதும் முறை இரட்டைப் பதிவு. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட அந்த முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு கணித ஆசிரியர். அவர் அதை விளக்கியதும் ஒரு கணித நூலின் ஒரு பகுதியாகத்தான்.

பதினோராம் வகுப்பு மாணவன். தொழில்முனைவோர் ஆக வேண்டும் என்பது என் கனவு. கல்லூரிக்குப் போகும் முன்பே ஏதாவது தொடங்க நினைக்கிறேன். என்ன தொடங்கலாம்?

என்ன தொடங்கலாம் என்பதை விட, தொடங்கியதை எப்படி முடிப்பது என்பதைச் சொல்கிறேன். உங்கள் வயதில் நானும் ஒன்றைத் தொடங்கினேன்.

அண்ணனிடம் 2000 கடன் வாங்கினேன். (பணத்தின் பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.) 200 நோட்டுப் புத்தகங்களைத் தலா 10 வீதம் மொத்தமாக எடுத்து, வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று 13 என்று விற்றேன். எட்டு மாதத்தில் 180 விற்றன. விற்பனை 2340. விற்றவற்றின் அடக்கவிலை 1800. லாபம் 540. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆலை முதலாளி ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். “லாபத்தை நீயே வைத்துக்கொள், என் பணத்தைக் கொடு” என்றார். பெட்டியைத் திறந்து எண்ணினேன். 1430 இருந்தது. அவருக்குக் கொடுக்கவே 570 குறைந்தது! லாபம் சம்பாதித்தவன் கையில் கடனை அடைக்கப் பணம் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

யாரும் திருடவில்லை. 180இல் 70ஐக் கடனுக்குக் கொடுத்திருந்தேன். அதில் வரவேண்டியது 910. விற்காமல் கிடந்த 20 நோட்டுகளின் அடக்கம் 200. கையில் 1430. மூன்றையும் கூட்டினால் 2540. மறுபக்கம் அண்ணனுக்குத் தரவேண்டியது 2000, என் லாபம் 540. அதுவும் 2540. இரண்டு பக்கமும் ஒட்டியது. வகுப்பில் இருப்புநிலைக் குறிப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது புரியாதது, அண்ணன் வாசலில் நின்றபோது புரிந்தது. லாபம் இருந்தது. ஆனால் அது தோழர்களின் பைகளிலும் என் அலமாரியிலும் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. அந்த 70 பேரில் 12 பேர் கடைசி வரை தரவே இல்லை. இருவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒருவன், “நோட்டுதான் தொலைந்துவிட்டதே, எதற்குப் பணம்?” என்று உண்மையான வியப்போடு கேட்டான். வாராக்கடன் 156. லாபம் 384 ஆகக் குறைந்தது. மிஞ்சிய 20 நோட்டும் கட்டம் போட்டவை. எங்கள் வகுப்பில் யாருக்கும் அவை தேவைப்படவில்லை. அவற்றின் மதிப்பைச் சுழி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அதையும் கழித்தால் 184. எட்டு மாத உழைப்புக்கு அவ்வளவுதான்.

பின்னாளில் நான் தணிக்கைக்குப் போன பெரிய நிறுவனங்களில் கண்ட சிக்கல்களும் பெரும்பாலும் இந்த மூன்றுதான்: வராத கடனை வரும் என்று காட்டுவது, விற்காத சரக்கை விற்கும் என்று மதிப்பிடுவது, லாபத்தையும் ரொக்கத்தையும் ஒன்றென்று எண்ணுவது. அங்கே எண்களுக்குப் பின்னால் சுழிகள் அதிகம், அவ்வளவே.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: நிறுவனம், பெயர்ப்பலகை, முகவரி அட்டை எதுவும் வேண்டாம். பல நாடுகளில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் பெரிய ஆட்கள் உங்களோடு கையெழுத்துப் போடவும் தயங்குவார்கள். பள்ளி மன்றம் எதிலாவது பொருளாளர் ஆகுங்கள். தலைவர் பதவிக்கு ஐந்து பேர் நிற்பார்கள், பொருளாளர் பதவிக்கு யாரும் நிற்க மாட்டார்கள்; போட்டியின்றிக் கிடைக்கும். ஓர் ஆண்டு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ முன்கூட்டியே வரவுசெலவுத் திட்டம் எழுதுங்கள். ஒவ்வொரு செலவையும் அன்றே, ரசீது எண்ணோடு பதியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு பக்கம்: என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, வேறுபாடு ஏன். அந்த ‘ஏன்’ என்ற பத்தியை எழுதத் தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் கசக்காது.

இனி எல்லாக் கணக்கையும் செயற்கை நுண்ணறிவே போட்டுவிடும் என்கிறார்கள். பிறகு கணக்குப்பதிவியல் படிப்பது வீண் இல்லையா?

1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர், கரும்பலகையில் பேராசிரியர் நிதிக் கணக்கு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. இதைக் கணினி தானாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற மென்பொருள் 1979இல் விற்பனைக்கு வந்தது. இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் எக்செல் போன்ற விரிதாள்களுக்கு அதுதான் முன்னோடி.

விரிதாள் வந்ததும் கூட்டல் வேலை போயிற்று. ‘விலையைச் சற்றுக் குறைத்தால் என்ன ஆகும்?’ என்று ஒரே நாளில் நாற்பது முறை கேட்டுப் பார்க்கும் வேலை வந்தது. புதிய கருவியும் இதே போலத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், ஊகம் மட்டுமே. ஒன்று மட்டும் உறுதி. என் நோட்டுக் கணக்கை அதனிடம் கொடுத்தால் 540 லாபம் என்று நொடியில் சொல்லும். அந்த 70 பேரில் யார் தருவார், யார் தரமாட்டார் என்பதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டுமே? அதற்குத்தான் பாடம். விரிதாளைப் பள்ளியிலேயே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். முதல் கணக்கை மட்டும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில் காட்டுவதற்கு எத்தனை மன்றங்களில் உறுப்பினராக இருக்க வேண்டும்?

ஒன்று. இரண்டு ஆண்டு.

நன்றாகப் படிக்கிறேன், ஆனால் நான்கு பேர் முன்னால் பேச வராது. தொழில் துறையில் பேச்சுதான் எல்லாம் என்கிறாள் என் அக்கா. விரும்பிய கல்லூரி நேர்முகத்தில் என்னைத் தள்ளிவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை. பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் இளமையில் மேடை என்றாலே உடம்பு சரியில்லாமல் போகும் அளவுக்குப் பயந்தவர். டேல் கார்னகியின் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்துதான் அதிலிருந்து மீண்டார். பட்டச் சான்றிதழ்களை அலுவலகச் சுவரில் மாட்டாத அவர் அந்தப் பயிற்சியின் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறார். உங்கள் இரண்டாவது பயத்துக்கும் அவரே பதில்: ஹார்வர்டு வணிகப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரகாம் அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தார். எல்லா நிராகரிப்பும் இப்படி நல்லதில் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கல்லூரி வேண்டாம் என்பதும் உங்கள் தொழில் வாழ்க்கை முடிவதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன்.

பேச்சுக்கு முன் எழுத்தைப் பிடியுங்கள் என்பது என் கட்சி. பணம் தராதவருக்கு உறவு முறியாமல் ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதுங்கள். தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றை, நொண்டிச் சாக்கு இல்லாமல் ஐந்து வரியில் எழுதுங்கள். அதை அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு முதல் அவை அதுவே போதும்.

என் மகனுக்கு வரலாறு பிடிக்கிறது. ஆனால் நிர்வாகத் துறைக்குப் போக வேண்டும் என்கிறான். இளநிலையிலேயே வணிக நிர்வாகம்தான் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மேலாண்மை முதுநிலைப் படிப்புகள் பொதுவாக எந்தத் துறைப் பட்டதாரியையும் ஏற்கின்றன. 1908இல் ஹார்வர்டில் தொடங்கியபோதே அது பட்டம் முடித்தவர்களுக்கான படிப்புதான். தணிக்கையாளராக விரும்பினால் மட்டும் கணக்குப்பதிவியலை முன்னதாகவே தொடங்குவது நல்லது, தேர்வுகள் நீண்டவை. வரலாறு படிக்கட்டும். கூடவே புள்ளியியலில் ஒரு தாளும் எடுக்கட்டும்.

எங்கள் வீட்டில் குடும்பத் தொழில் இருக்கிறது. நான் கல்லூரியில் வணிகம் படிக்க விரும்புகிறேன். “நான் எந்தக் கல்லூரிக்குப் போய்ப் படித்தேன்?” என்கிறார் அப்பா. என்ன செய்வது?

அப்பாவோடு வாதாடாதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி; வாயால் பதில் சொன்னால் தோற்றுப்போவீர்கள்.

அடுத்த விடுமுறையில் அவருடைய பேரேட்டை, அதாவது கணக்குப் புத்தகத்தை, ஒரு வாரம் பார்க்க அனுமதி கேளுங்கள். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு பட்டியல் எடுங்கள். எதிரே, சரக்கு கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதற்கு நான்கு கட்டங்கள்: 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். ஒவ்வொரு தொகையையும் அதனதன் கட்டத்தில் எழுதிக் கூட்டுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும். பல தொழில்களில் இந்தப் பட்டியல் முதலாளியின் தலைக்குள் மட்டும் இருக்கும். தலைக்குள் இருக்கும் பட்டியலில் பழைய நண்பர்களின் பாக்கி கண்ணில் படாது.

அதை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கல்லூரியைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். கடைசிக் கட்டத்தின் கூட்டுத்தொகையைப் பார்த்ததும் அவரே உங்களைக் கூப்பிடுவார். பெரும்பாலும் கோபமாகத்தான் கூப்பிடுவார். பேரேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.