கைபேசித் திரையைத் தொலைக்காட்சியில் காண்பது: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தலவாக்கலை, தாய் ஒருவர்): ஐயா, என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்காக ஸூம் வகுப்பில் படிக்கிறாள். சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்கிறாள். வீட்டிலுள்ள ஸ்மார்ட் தொலைக்காட்சியில் வகுப்பைக் காட்டினால் டேட்டா கூடுதலாகச் செலவாகுமா?

பதில்: செலவாகாது. வகுப்பின் படமும் ஒலியும் வழக்கம்போலக் கைபேசிக்கே வருகின்றன. கைபேசி தன் திரையில் தெரிவதை மீண்டும் சுருக்கி, வைஃபை அலைவழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. இந்த இரண்டாவது பயணம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில் அது சேராது. இதைத்தான் மிரரிங் என்கிறோம்.

முதலில் தொலைக்காட்சியில் 'ஸ்கிரீன் மிரரிங்' அல்லது 'ஸ்கிரீன் ஷேர்' என்ற பகுதியைத் திறந்து வையுங்கள். பிறகு கைபேசியின் மேற்பட்டியைக் கீழே இழுத்தால், சாம்சங் கைபேசியில் 'ஸ்மார்ட் வியூ' என்றும் பிற கைபேசிகளில் 'காஸ்ட்' அல்லது 'வயர்லெஸ் புரொஜெக்ஷன்' என்றும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, பட்டியலில் உங்கள் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்து, கைபேசியைக் கிடையாகத் திருப்பினால் படம் திரை நிறைய வரும்.

ஒலியில் மட்டும் கவனம் வேண்டும். மகள் பேசும் மைக் கைபேசியிலேயே இருக்கிறது. ஆசிரியரின் குரல் தொலைக்காட்சியிலிருந்து சற்றுத் தாமதமாக ஒலித்து அதே மைக்குக்குள் புகுந்தால், வகுப்பிலுள்ள எல்லோருக்கும் எதிரொலி கேட்கும். ஆகவே, பேசாத நேரத்தில் மைக்கை அடைத்து வைப்பதும், பதில் சொல்லும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும் அவசியம். சில கைபேசிகளில் ஒலி கைபேசியிலேயே நின்றுவிடும். வகுப்புக்கு அதுவே நல்லது. திரையை அனுப்பிக்கொண்டிருக்கும்போது மின்கலம் விரைவாக இறங்குமாதலால் சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள்.

கேள்வி (பசறை): நான் யூடியூபில் காஸ்ட் பொத்தானை அழுத்தித் தொலைக்காட்சியில் பார்த்தேன். வழக்கத்தைவிட டேட்டா மிக விரைவாகத் தீர்ந்துபோனதே?

பதில்: நீங்கள் செய்தது மிரரிங் அல்ல. யூடியூபுக்குள் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தும்போது, எந்தக் காணொளி வேண்டும் என்பதை மட்டுமே கைபேசி சொல்லுகிறது. தொலைக்காட்சி தானாகவே இணையத்துக்குப் போய் அதை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் கைபேசியில் வேறு வேலை பார்க்கலாம், படமும் மிரரிங்கைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் கைபேசியில் 480 தரத்தில் ஓடிய அதே காணொளியைத் தொலைக்காட்சி 1080 தரத்தில் இறக்கக்கூடும். டேட்டா அங்கேதான் போகிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள்: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை. எனவே காணொளி ஓடத் தொடங்கியதும் தொலைக்காட்சித் திரையிலுள்ள தர அமைப்பில் 480ஐத் தெரிவு செய்யுங்கள். அளவிட்ட டேட்டாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி.

கேள்வி (அட்டன், ஆசிரியர் ஒருவர்): எங்கள் பாடசாலையில் இணைய இணைப்பு இல்லை. மடிகணினியிலுள்ள பாடத்தை வகுப்பறைத் தொலைக்காட்சியில் கம்பியின்றிக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். 2012இல் வைஃபை அலையன்ஸ் என்ற தொழில் கூட்டமைப்பு அறிமுகப்படுத்திய மிராகாஸ்ட் என்ற முறை இதற்கென்றே உள்ளது. இதில் ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இரண்டு கருவிகளும் நேரடியாகவே பேசிக்கொள்கின்றன. விண்டோஸ் 8.1 முதல் வந்த மடிகணினிகளில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11இல் விண்டோஸ் விசையையும் கே விசையையும் ஒன்றாக அழுத்தினால், அருகிலுள்ள திரைகளின் பட்டியல் வரும். இணையம் இல்லையே என்று மடிகணினியின் வைஃபையைப் பலர் அணைத்து வைக்கிறார்கள். எந்த வலையமைப்பிலும் சேராவிட்டாலும் அது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இணைந்த பிறகு விண்டோஸ் விசையுடன் பி (P) விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தெரிவு செய்தால், மாணவர்கள் தொலைக்காட்சியில் பாடத்தைப் பார்க்க, நீங்கள் மடிகணினியில் உங்கள் குறிப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். சுட்டியை அசைப்பதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும். பாடம் நடத்த அது தடையாகாது.

கேள்வி (மஸ்கெலியா): நாங்கள் லயக் குடியிருப்பில் இருக்கிறோம். கைபேசியில் தேடினால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் பெயரும் வருகிறது. எங்கள் திரை அங்கே போய்விடாதா?

பதில்: இது மிக முக்கியமான கேள்வி. ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வாழும் இடத்தில், வைஃபை அலை சுவரோடு நின்றுவிடுவதில்லை. ஒரே நிறுவனத்தின் தொலைக்காட்சிகள் இரண்டு வீட்டிலும் இருந்தால், பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விரல் தவறிப்பட்டால் உங்கள் குடும்பப் படங்கள் அடுத்த வீட்டில் தெரியக்கூடும். ஆகவே, தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் சென்று, அதன் பெயரை உங்களுக்கு மட்டும் அடையாளம் தெரியும்படி மாற்றுங்கள். அடுத்ததாக, புதிய கருவி இணைய வரும்போது அனுமதி கேட்கும் வசதியை இயக்குங்கள். சாம்சங் தொலைக்காட்சிகளில் இணைப்புக் கருவிகளுக்கான பகுதியில் 'முதல் முறை மட்டும்', 'ஒவ்வொரு முறையும்' என்ற தெரிவுகள் இருக்கும். உங்கள் சூழலுக்கு இரண்டாவதே பொருத்தம். இணைப்பு சரியான தொலைக்காட்சியோடு அமைந்துவிட்டால், மிராகாஸ்டில் படம் மறைகுறியாக்கப்பட்டே செல்வதால், நடுவழியில் அண்டை வீட்டார் அதைப் பார்க்க இயலாது.

பல குடும்பங்கள் ஒரே ரவுட்டரைப் பகிர்ந்து பாவித்தால் வேறொரு சிக்கல் உண்டு. தொலைக்காட்சியில் செருகும் கூகுளின் காஸ்ட் கருவியான குரோம்காஸ்ட் உங்களிடம் இருந்தால், அந்த வைஃபையில் இருக்கும் எவரும் அதற்குக் காணொளி அனுப்பலாம். ஓடுவதை நிறுத்தவும் செய்யலாம். கூகுள் ஹோம் செயலியில், பிறர் கட்டுப்படுத்துவதற்கான அனுமதியை நீக்கினால், பிறருடைய கைபேசிகளில் அதற்கான அறிவிப்பு வராது; ஆனால் அதே வைஃபையில் இருப்பவர்கள் காணொளி அனுப்புவதை அது முழுமையாகத் தடுக்காது.

கேள்வி (ஹப்புத்தளை): கத்தாரிலிருந்து அண்ணன் ஐஃபோன் அனுப்பினார். தொலைக்காட்சியில் மிரரிங் இருந்தும் அதன் பெயர் ஐஃபோனின் பட்டியலில் வரவில்லை.

பதில்: ஐஃபோனில் மிராகாஸ்ட் கிடையாது, அது ஆப்பிள் நிறுவனத்தின் சொந்த முறையான ஏர்பிளேயை மட்டுமே அறியும். சாம்சங், எல்ஜி, சோனி போன்றவற்றின் தொலைக்காட்சிகளில் 2019 அளவிலிருந்துதான் ஏர்பிளே பரவலாக வரத் தொடங்கியது. உங்களுடையது அதற்கு முந்தையதானால், யூடியூப் போன்ற செயலிகளின் காஸ்ட் பொத்தான் வேலை செய்யும், முழுத் திரை போகாது. அதற்காக விளம்பரம் நிறைந்த மிரரிங் செயலி எதையும் இறக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். திரை முழுவதையும் பார்க்கும் அனுமதியை அச்செயலிக்குக் கொடுத்தால், வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணும் அதன் கண்ணில் படும். படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்லும், ஐஃபோனுக்குப் பொருந்தும் எச்டிஎம்ஐ இணைப்புக் கம்பி ஒன்றை வாங்குவது இதைவிடப் பாதுகாப்பானது.

கேள்வி (வெலிமடை): மிரரிங் செய்யும்போது திரைப்படச் செயலியில் ஒலி மட்டும் வருகிறது, திரை கறுப்பாக இருக்கிறது.

பதில்: பழுது அல்ல. பதிப்புரிமைப் பாதுகாப்புக்காகச் செயலியே படத்தை மறைக்கிறது. அச்செயலியைத் தொலைக்காட்சியிலேயே நிறுவிப் பாருங்கள்.

கேள்வி (இராகலை): எங்களுடையது பழைய தொலைக்காட்சி. காஸ்ட் செய்யும் சிறு கருவி வாங்கலாமா?

பதில்: பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் தாராளமாக வாங்கலாம். கருவிக்கான மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பழைய மாதிரிகளில் அது போதாமல், கருவி அடிக்கடி அணைந்து எழும். அதனுடன் வந்த சார்ஜரையே சுவரில் செருகுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே உள்ள தொலைக்காட்சியானால் கன்வெர்ட்டர் எனப்படும் மாற்றுக் கருவி ஒன்றை இடையில் வைத்துப் படம் பார்க்கலாம், ஆனால் பாட எழுத்துகள் வாசிக்க முடியாத அளவுக்கு மங்கும். பிள்ளைகளின் படிப்புக்காக என்றால் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.