அங்கோர் வாட்டில் வலம் வராதீர்கள்

வணக்கம். எங்கள் பாட்டையா வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். தை மாதம் அப்பச்சியை அழைத்துக்கொண்டு அந்த ஊரைப் பார்த்துவிட்டு, அப்படியே கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலுக்கும் போகிறோம். ஒரு நாள் போதுமா? சோழர்கள் கட்டியது என்கிறார்களே, நம் கோயில் மாதிரியேதான் இருக்குமா? அப்பச்சிக்கு முழங்கால் வலி. சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள ஆச்சி,

சாப்பாடு கிடைக்கும், அதை விடுங்கள். சோழர்கள் கட்டியது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். கட்டியவன் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். கெமர் மக்களின் எழுத்து தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது, உண்மைதான். காம்போஜ (கம்போடிய) அரசன் குலோத்துங்கனுக்குக் கொடுத்த கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அப்படி உறவாக இருந்தவர்களின் கோயிலுக்கு நம் பேரில் பட்டா எழுதுவது என்ன நியாயம்?

நம் கோயில் என்றே நினைத்துப் போகிறவர்கள் காலும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிவிடும். அங்கேதான் கெடுகிறது. கோயில் மேற்குப் பார்த்தது. சுற்றுச்சுவர்ச் சிற்பங்கள் அப்பிரதட்சணமாக, அதாவது இடமாகச் சுற்றி, பார்ப்பதற்கென்றே அமைந்தவை. அரசனின் ஈமக் கோயில் என்பதால் இப்படி என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்புங்கள். சுவர் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.

முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்குச் சுவரில் சூரியவர்மனின் படை. அங்கே குடைகளை எண்ணுங்கள், ஆளின் தகுதி குடையின் எண்ணிக்கையில் தெரியும், அரசனுக்கு 15. அடுத்து சொர்க்கமும் நரகமும். கிழக்கே திரும்பினால் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. முதலில் வருவது வாசுகியின் தலைப்பக்கம், உருண்டை விழி அசுரர்கள் 92 பேர். நடுவில் ஆமை மேல் மத்து, விஷ்ணு. மத்தின் அருகே தண்ணீரின் வேகத்தில் மீன்கள் இரண்டு துண்டாகக் கிடக்கும், குனிந்து பாருங்கள். அப்புறம் 88 தேவர்கள், வால் நுனியில் ஒரு குரங்கு. அது யார் என்று நம் ராமாயணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு ரீம்கெர் என்று சொந்த ராமாயணமே இருக்கிறது. வலமாக வந்தால் இதெல்லாம் வாலிலிருந்து தலைக்கு வரும், கதை கதையாக இருக்காது.

இந்தச் சுவருக்குக் காலை வெயில்தான் வேண்டும். கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள். மேற்கூரையில் நீர் கசிந்து உப்புப் பூத்து இந்தச் சிற்பங்கள் ஏற்கெனவே பட்டது போதும். கூரைக் கற்களைப் பிரித்து மறுபடி அடுக்கிச் சரி செய்தார்கள், 2012இல்தான் முடிந்தது.

வடகிழக்கு மூலையின் இரு பக்கத்துச் சிற்பங்களும் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை, செதுக்கல் சுமார். அங்கே நேரம் போக்காமல் ராமாயணத்து இலங்கைப் போருக்கு வந்துவிடுங்கள்.

மொத்தச் சுற்றும் 800 மீட்டர்தான். அப்பச்சி மெதுவாக நடந்து, நடுநடுவே உட்கார்ந்து பார்க்கட்டும். உச்சித் தளத்துப் படி செங்குத்து, அவரை ஏற்றாதீர்கள். நீங்கள் ஏறுவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பௌத்தப் புனித நாளில் அந்தத் தளத்தை அடைத்துவிடுவார்கள், நாள் பார்த்துக் கிளம்புங்கள்.