டிரம்மைக் கவிழ்ப்பதும் மருத்துவம்தானா?

கேள்வி: எங்கள் பகுதியில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனை டெங்கு என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாளே சுகாதாரத் துறை ஆட்கள் வந்து எங்கள் வீட்டு டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, நோட்டீஸ் கொடுப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. நோயாளியைக் கவனிப்பதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஏன் வருகிறார்கள்? புகை அடித்தால் போதாதா?

பதில்: நான்கு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரைக் கண்ணெதிரே கொட்டினால் கோபம் வரத்தான் செய்யும். கொட்டுவதற்கு முன் காரணத்தை விளக்கியிருக்க வேண்டும். துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தந்திருக்கலாம். ஆனால் அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தது சரிதான்.

பையனை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. பொது சுகாதாரத் துறைக்கு உங்கள் தெருதான் நோயாளி. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்கள் அந்தப் பையனின் ரத்தத்தில் வைரஸ் இருந்திருக்கும். அப்போது அவனைக் கடித்த ஏடிஸ் கொசு, ஒன்று ஒன்றரை வாரம் கழித்து அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடும். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. பொதுவாக நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். அதனால் அவன் வீட்டுக்கு அடுத்து பார்க்க வேண்டியது உங்கள் வீட்டைத்தான்.

நான் சுகாதாரத் துறையில் பணியில் இருந்த காலத்தில் இப்படித்தான் ஓர் அம்மா, "நேற்றுதான் சார் டிரம்மைக் காலி செய்தேன்" என்று வாதாடினார். அவர் சொன்னது உண்மைதான். டார்ச் அடித்து உள்சுவரைக் காட்டினேன். பழைய தண்ணீர் நின்ற மட்டத்தையொட்டி, மிளகுத்தூள் தூவியது போல் கருப்பாக ஒரு கோடு. அத்தனையும் கொசு முட்டை. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பிடித்ததும் புழு வந்துவிடும். எனவே தேங்காய் நாரோ பிரஷ்ஷோ எடுத்து உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்வது அதனால்தான். தண்ணீர் பிடித்ததும் பழைய வேட்டித் துணியால் டிரம்மின் வாயை இறுகக் கட்டிவிடுங்கள். தட்டை மட்டும் கவிழ்த்து மூடினால் ஓரத்து இடுக்கு வழியாகக் கொசு நுழைந்துவிடும்.

புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் நெளியும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதோடு, ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் அடைந்திருக்கும். தெருவில் அடிக்கும் புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது.

நோட்டீஸ் பற்றி: 1939ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கொசு உற்பத்திக்கு இடம் தராமல் பார்த்துக்கொள்வது வீட்டில் குடியிருப்பவரின் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். சோதிக்கவும் நோட்டீஸ் தரவும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் உண்டு. வாடகை வீடானாலும் இது பொருந்தும்.

இந்தத் துறையின் வேலை கொசுவோடு முடிவதில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பின்தொடர்வது, குடிநீரில் குளோரின் அளவைப் பார்ப்பது எல்லாமே நோய்த்தடுப்புதான். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். எதுவும் நடக்காமல் போனால்தான் இந்த வேலையில் வெற்றி. அதனாலேயே இது யார் கண்ணிலும் படுவதில்லை என்பதில் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த இரண்டு மூன்று வாரம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பக்கத்தில் டெங்கு இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் என்றால் ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அப்புறம் என்றால் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ரத்தக் கசிவை அதிகமாக்கும் என்பதால் தொடவே வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்துவிடுவது, கை கால் சில்லிடுவது — இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

அடுத்த முறை அந்தப் பணியாளர்கள் வரும்போது வாசலோடு அனுப்பிவிடாமல் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கொல்லையில் உள்ள ஆட்டுக்கல் மூன்றையும் காட்டுங்கள். டிரம்மைத் தேய்க்கிறவர்கள்கூட இந்த மூன்றையும் மறந்துவிடுகிறார்கள்.