கூட வந்தவர்

அன்புள்ள ஐயா,

பட்டப்படிப்பு முடித்துவிட்டு வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். வார இறுதிகளில் வைத்தியசாலையில் நோயாளர்களுக்குத் துணையாக இருக்கும் தொண்டர் குழு ஒன்றில் சேர நினைக்கிறேன். நோய் தொற்றிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். எனக்கு வேறு பயம். துயரத்தை நேரில் பார்க்கும் மனவலிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எந்த விடுதியில் தொடங்குவது நல்லது? நோயாளர்களிடம் என்ன பேசுவது? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தொண்டுச் சான்றிதழ் உதவும் என்று தோழி சொன்னாள். அந்த எண்ணமும் உள்ளூர இருப்பது குற்றமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

சான்றிதழ் குற்றமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். தூய நோக்கம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அம்மாவிடம், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன், கட்டிலில் உட்காரமாட்டேன் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தடிமன் என்றால் அன்று போகவேண்டாம். கீமோ ஏற்றி வெள்ளணுக்கள் குறைந்து கிடப்பவருக்கு உங்கள் தும்மல்தான் ஆபத்து, அவரால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. மனவலிமை பற்றிய கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை. அது உங்களைப் பற்றிய கேள்வி, பிள்ளை. அழுகை வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வாருங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஏற்கெனவே இந்த விஷயத்தில் எரிச்சலோடு இருந்தேன். கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலைக்கு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரே நிறத்தில் மேற்சட்டை அணிந்த இளைஞர் கூட்டமொன்று விடுதிக்குள் வந்தது. கட்டிலுக்கு ஓர் அப்பிள், ஒரு பிஸ்கட் பக்கெட், ஒரு படம். பிற்பகல் சத்திரசிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்த ஒருவர் கையிலும் அப்பிள்! தலைமாட்டில் அறிவிப்பு தொங்குகிறது, யாரும் பார்க்கவில்லை. மயக்கமருந்து கொடுத்த பிறகு வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதற்காகத்தான் அந்தப் பட்டினி. அவர் கடித்திருந்தால் சத்திரசிகிச்சை தள்ளிப் போயிருக்கும். தாதி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். படம் மட்டும் எடுத்தாகிவிட்டது.

எனக்கு அதைவிடக் கோபம் வந்தது வெளியே. படிக்கட்டின் அடியில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒருவர் கூடையை அணைத்துக்கொண்டு குந்தியிருந்தார். கூடையில் சுடுதண்ணீர்ப் போத்தல், மனைவியின் சேலை, பொலித்தீன் பையில் சுற்றிய சவர்க்காரத் துண்டு. மனைவியைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்களா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று காலையிலிருந்து கழிப்பறைக்கும் போகவில்லை. அப்பிள் கூட்டம் உள்ளே போகும்போதும் வரும்போதும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

உங்கள் கடிதத்திலும் நோயாளர் வருகிறார், நீங்கள் வருகிறீர்கள், உங்கள் அம்மாவும் தோழியும் வருகிறார்கள். இந்த மனிதர் எங்கே?

நம் அரச வைத்தியசாலைகளை எவ்வளவு குறை சொன்னாலும், உள்ளே படுத்திருப்பவருக்குக் கட்டிலும் சாப்பாடும் சிகிச்சையும் இலவசம். அது சின்ன விஷயமில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவைகூட இலவசம்தான். கூட வந்தவருக்கு என்ன இருக்கிறது? பார்வை நேரம் முடிந்ததும் காவலாளி வெளியே அனுப்பிவிடுவார். சிறுவர் விடுதியென்றால் தாய் பிள்ளையோடு இருக்கலாம், தகப்பன் வெளியேதான். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பார்மசி பார்மசியாக ஏறி இறங்கியவரும் இவர்தான்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1996இல், மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிந்திய மாதங்களில், அப்பாவை இருதய சிகிச்சைக்காக மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குக் கூட்டி வந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கல். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. சிங்களம் எனக்கு அப்போது வராது. வைத்தியசாலை வாசலில் யாராவது சீருடையில் வந்து நின்றாலே வாய் உலர்ந்துவிடும்.

அங்கே விடுதிக்கு வெளியே இருந்த சீமெந்து வாங்கில் ஒரு வயதான முஸ்லிம் பெண் உட்கார்ந்திருப்பார். மாளிகாவத்தைக்காரர். உள்ளே அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, விடுதி இலக்கம், கட்டில் இலக்கம், அப்பாவின் பெயர், பெரிய டொக்டரின் பெயர், கிளினிக் நாள் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். "மகன், இதைச் சட்டைப் பையில் வை. யார் கேட்டாலும் பேசாதே, இதைக் காட்டு" என்றார். எந்தக் குழாயில் விடியற்காலையில் குளித்தால் காவலாளி விரட்டமாட்டார் என்றும் சொன்னார். அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று அவர் கேட்கவே இல்லை. கடவுளைப் பற்றியும் பேசவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், திங்கட்கிழமை முளைத்த சந்தேகத்தைச் செவ்வாய்வரை தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த அட்டை வியர்வையில் ஊறி எழுத்துக் கரைந்தபோது இன்னொன்று எழுதித் தந்தார். அப்பா பிறகு பல ஆண்டுகள் இருந்தார், அது வேறு கதை.

எந்த விடுதி என்று கேட்டிருந்தீர்கள். எந்த விடுதியும் வேண்டாம், அதன் வாசலில் தொடங்குங்கள். கொழும்புப் பெரியாஸ்பத்திரி 1864இலிருந்து இருக்கிறது. கட்டடத்துக்கு மேல் கட்டடமாக வளர்ந்து, புதிதாக வருபவருக்கு அது ஒரு தனி ஊர். இரத்தம் எங்கே எடுப்பார்கள், ஸ்கேன் திகதி எந்த யன்னலில் தருவார்கள், கழிப்பறை எங்கே என்பதையெல்லாம் முதலில் நீங்கள் நடந்து தெரிந்துகொள்ள வேண்டும். குழுவின் அனுமதியோடு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். பாவம் பார்த்து மாதத்துக்கொரு நாள் போவதென்றால் போகவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் அதே நாளில் போங்கள்.

என்ன பேசுவது? குறைவாகப் பேசுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. இன்ன இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் போகும் என்று மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்து ஓதுகிறவர்களோடு சேர்ந்துவிடாதீர்கள். மனமுடைந்தவர்களுக்குக் காதுகொடுக்க 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ அமைப்பில் தொண்டர்களுக்குக் கற்பிப்பது, புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க. அதற்கே பயிற்சி வேண்டியிருக்கிறது. "இரத்தம் கொண்டுவந்தால்தான் ஒப்பரேஷன்" என்று யாராவது ஒரு தகப்பனைப் பயமுறுத்தினால் மட்டும் வாயைத் திறவுங்கள். 2014இலிருந்து நம் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையில்தான் நடக்கிறது. இரத்தத்துக்கு ஈடாக உறவினர் இரத்தம் தரவேண்டியதில்லை.

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் உங்களை விடமாட்டார்கள். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் 1987இல் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஸ்கேன் ஏன் இல்லை என்று பெயர்ப்பலகை சொல்லாது. யன்னலில் நின்று கேட்டுச் சொல்லுங்கள். நோய் என்ன, பிழைப்பாரா என்பதை மட்டும் நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ் தெரிந்த டொக்டரையோ தாதியையோ தேடிப் பிடித்து, பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். விடுதியில் ஒருவர் இறந்துவிட்டால், கூட வந்தவருக்கு அழக்கூட நேரம் கிடைப்பதில்லை. பிரேதத்தைப் பொறுப்பேற்க வேண்டும், மரணத்தைப் பதிய வேண்டும், திடீர் மரணமென்றால் மரண விசாரணை. பொரளை மலர்ச்சாலையா, ஊரிலேயே பார்த்துக்கொள்வதா, மலையேற வாகனத்துக்கு எவ்வளவு என்று தரகர் ஒருவர் வந்து தோளைத் தொடுவார். அந்த நேரத்தில் முதலில் சிக்குவது பெயர். தோட்டப்புறத்து மக்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், அனுமதித் துண்டில் கேட்டவர் காதில் விழுந்த விதம். உயிரோடு இருக்கும்போது யாருக்கும் அது பொருட்டாகத் தெரியாது. பிறகு சத்தியக்கடதாசிக்கு அலையவேண்டி வரும்.

ஆகவே புதிதாக அனுமதித்தவரின் ஆட்களைக் கண்டால், அடையாள அட்டையையும் அனுமதித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே தாதியிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். துண்டு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். உங்களுக்குச் சிங்களம் பேச வரும், வெள்ளவத்தைப் பிள்ளைக்கு வராமல் இராது. வாசிக்க வருமா? வராதென்றால் குழுவில் சேர்வதற்கு முன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.