வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்கு வக்கீல் பதில்

அரசியல் தலைவர்கள் மீதான வழக்குகளைப் பற்றி இந்த முறை கடிதங்கள் அதிகம். பாதிக் கடிதங்களில் கேள்வியே இல்லை, கட்சி மட்டும்தான் இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

எஃப்.ஐ.ஆர். போட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அவர் இன்னும் பதவியில் இருப்பது எப்படி? (திருத்துறைப்பூண்டி)

எஃப்.ஐ.ஆரால் யாருக்கும் பதவி போகாது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் போகாது, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தாலும் (அதாவது பதிவு செய்தாலும்) போகாது. தண்டனை விதித்தால்தான் போகும். அதற்கு முன்னால் விலகுவது அவரவர் மானத்தையும் கட்சியின் கணக்கையும் பொறுத்தது.

மூன்று வருஷம் தண்டனை வந்தாலும் மேல்முறையீடு போட்டுவிட்டால் எம்.எல்.ஏ. பதவி தப்பிவிடும் என்கிறார் டீக்கடை நண்பர். பந்தயம் கட்டியிருக்கிறோம். (கும்பகோணம்)

நண்பர் 2013க்கு முந்தைய சட்டத்தில் நிற்கிறார். அப்போது பதவியில் இருப்பவருக்கு மூன்று மாத அவகாசம் இருந்தது. அதற்குள் மேல்முறையீடு போட்டுவிட்டால், அது முடியும்வரை பதவியில் இருக்கலாம். லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அந்தச் சலுகையை ரத்து செய்துவிட்டது. இப்போது இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தீர்ப்பு வந்த அன்றே பதவி காலி. தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் இந்த இரண்டு வருஷக் கணக்கும் கிடையாது, அபராதம் மட்டும் போட்டாலும் ஆறு வருஷம் தகுதி போய்விடும்.

தப்புவதற்கு ஒரே வழி, 'குற்றவாளி' என்ற தீர்ப்புக்கே மேல் நீதிமன்றத்தில் தடை வாங்குவது. தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் சிறைக்குப் போகாமல் இருக்கலாம், பதவி திரும்பாது. ராகுல் காந்தி 2023 ஆகஸ்டிலும், பொன்முடி 2024 மார்ச்சிலும் இப்படி உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கித்தான் திரும்பி வந்தார்கள். 'தண்டனை நிறுத்திவைப்பு' என்ற செய்தியைப் பார்த்ததும் பட்டாசு வெடிக்கிறவர்கள், எதற்குத் தடை கிடைத்திருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு வெடிக்கலாம்.

அம்மா மறைந்த பிறகு வந்த தீர்ப்பை வைத்து அவரைக் குற்றவாளி என்று பேசுவது நியாயமா ஐயா? (மன்னார்குடி)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்கு வருஷச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, சசிகலா உள்ளிட்ட மூவருக்கும் தனி நீதிமன்றத் தண்டனையை உறுதி செய்தது. ஜெயலலிதாவைப் பொறுத்தவரை, அவர் உயிரோடு இல்லாததால் மேல்முறையீடு அற்றுப்போனது. ஆகவே 'உச்ச நீதிமன்றம் அவரைத் தண்டித்தது' என்பதும் தவறு, 'உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது' என்பதும் தவறு. இரண்டு தரப்பும் மேடையில் பாதியைத்தான் சொல்கின்றன.

இதில் பலரும் மறந்துபோன ஒன்று உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு கடன் பட்டியல் இருந்தது. கூட்டினால் பத்தரைக் கோடிக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் மொத்தம் 24 கோடி என்று போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கின்படி வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8 சதவீதம்தான் என்று வந்தது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று பழைய தீர்ப்பு ஒன்று இருப்பதால் விடுதலை. கூட்டலைச் சரி செய்தால் அதே 8 சதவீதம் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால்தான் சொல்கிறேன், தீர்ப்பைப் படியுங்கள், டிவி விவாதத்தைப் பிறகு பாருங்கள்.

சர்க்காரியா கமிஷனே சொல்லிவிட்ட பிறகு இன்னும் என்ன நிரூபணம் வேண்டும்? (திருவாரூர்)

நிறைய வேண்டும். கமிஷன் விசாரித்து அரசுக்கு அறிக்கை தரும், யாரையும் தண்டிக்காது. கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரிக்க 1976இல் அமைத்த அந்தக் கமிஷனின் அறிக்கையைச் சொல்லி மேடையில் அவரைத் திட்டாத தேர்தல் கிடையாது. ஆனால் அதைக் கொண்டு எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. கடைசி இரண்டு சட்டமன்றத் தேர்தலையும் உங்கள் ஊரில் நின்றுதான் ஜெயித்தார். அறிக்கையை வைத்து அரசியல் பேசுங்கள், தாராளமாக. தீர்ப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெரிய மனிதர்கள் வழக்கென்றால் சாட்சியெல்லாம் பல்டி அடிக்கிறார்களே, நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறார்கள்? (பாபநாசம்)

நீதிபதியை விடுங்கள், சாட்சியைப் பாருங்கள். இதே சொத்து வழக்குதான் உதாரணம். 2001இல் ஜெயலலிதா மறுபடி முதல்வரானார். சென்னையில் ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த சுமார் 75 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்களில் 60 பேருக்கு மேல் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் எதிர்ப்பே தெரிவிக்கவில்லை. தி.மு.க. பொதுச்செயலாளர் அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். நீதி நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது என்று சொல்லி 2003 நவம்பரில் வழக்கையே பெங்களூருக்கு மாற்றினார்கள். தீர்ப்பு வர மேலும் 11 வருஷம்.

சாட்சி ஏன் பிறழ்கிறார்? வேதாரண்யம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துவரும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கே கோர்ட் வராந்தாவில் நிற்கிறார். உட்காரப் பெஞ்சு இல்லை. மூன்று மணிக்கு டவாலி (கோர்ட் சேவகர்) பெயரைக் கூப்பிடுகிறார். முதல் விசாரணை முடிகிறது. குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்கிறார், கிடைக்கிறது. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி. அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வருவார். பையனுக்கு வேலை என்பார். அல்லது 'நாளைக்கு நீ இந்த ஊர்லதானே இருக்கணும்' என்பார். அடுத்த தேதியில் அதே வராந்தாவில் சாட்சிக்கு டிபனும் டீயும் வாங்கித் தருவது எதிர்த்தரப்பு ஆள். எங்கள் தொழிலில் இதைப் பார்க்காதவர் யாரும் இல்லை, நானும் பார்த்திருக்கிறேன். சாட்சிப் படி என்று அரசு தருவது பஸ் செலவுக்குக் கட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணையையும் முடிக்க வேண்டும், மாதக்கணக்கில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் பஞ்சாப் லஞ்ச வழக்கு ஒன்றில் காட்டமாகவே சொன்னது. அந்த வழக்கில் இடைவெளி ஒன்றரை வருஷத்துக்கு மேல். சாட்சி பாதுகாப்புத் திட்டம் 2018இல் வந்தது. எல்லாம் காகிதத்தில் சரி. என்னிடம் வழக்கைக் கொடுத்தவருக்கு லாபம் என்றால் நானும்தான் வாய்தா கேட்பேன், அதைக் கொடுக்காமல் இருப்பது நீதிமன்றத்தின் வேலை.

இன்னொன்று. பிறழ்ந்த சாட்சி சொன்னது முழுக்கக் குப்பைக்குப் போவதில்லை, நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பொய்ச்சாட்சிக்கு நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. எடுப்பதுதான் அபூர்வம். அப்புறம் பாபநாசத்து நண்பரே, உங்கள் தெருவில் நடந்ததற்கு போலீஸ் சாட்சி கேட்டு வந்தால் கதவைத் திறப்பீர்களா?

ஆட்சி மாறினால் வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்களாமே? (வேதாரண்யம்)

முன்பு சுலபம். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெற முடியாது. வாபஸ் வாங்காமலே வழக்கை நோஞ்சானாக்கும் வழிகள் இருக்கின்றன, மேலே பார்த்தோம்.

எங்கள் தொகுதி வேட்பாளர் மீது 14 வழக்கு. இப்படிப்பட்டவருக்கு எப்படி ஓட்டுப் போடுவது? (குத்தாலம்)

என்ன வழக்கு என்று எழுதவில்லையே! வேட்புமனுவோடு தாக்கலாகும் 26ஆம் எண் படிவத்தில் வழக்கு எண், சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசம். காவிரித் தண்ணீருக்குச் சாலை மறியல் செய்தவர், 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக நின்றவர் என்று நம் பக்கத்தில் வழக்கு இல்லாத போராட்டக்காரரைக் காண்பதே அரிது. 14 மறியல் வழக்கும் ஒரே ஒரு மோசடி வழக்கும் ஒன்றல்ல. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பிரிவைப் பாருங்கள், கட்டத்தைப் பாருங்கள்.

முப்பது நாள் உள்ளே இருந்தால் முதல்வர் பதவியே போய்விடும் என்று சட்டம் வந்துவிட்டதா? (சீர்காழி)

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது மசோதா. கூட்டுக்குழுவுக்கு அனுப்பினார்கள். தண்டனைக்கு முன்பே, வெறும் கைதை வைத்துப் பதவியைப் பறிப்பது எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கட்சிக்காரர் உள்ளே இருந்தாலும் இதேதான் சொல்வேன்.

இத்துடன் ஒரு வீடியோ அனுப்பியுள்ளேன். இதில் வருவது உண்மையா? உண்மை என்றால் எல்லா குரூப்பிலும் போடலாமா? (பெயர், ஊர் இல்லை)

வழக்கு எண் இல்லை, தேதி இல்லை, அனுப்பியவர் பெயரும் இல்லை. இதில் நான் எதைச் சரிபார்ப்பது? 'வந்ததை அனுப்பினேன்' என்பது அவதூறு வழக்கில் தப்பிக்க வழி ஆகாது. பார்வர்டு செய்தவரும் பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் அழித்துவிட்டு, அடுத்த கடிதத்தில் ஊர் பெயரையாவது எழுதுங்கள்.