பார்வை இல்லாதவங்க வாசிப்புக் கருவி: கேளுங்க, சொல்றேன்

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், தோட்ட லயத்துல வளந்தவன், பிறவியிலயே பார்வை இல்ல. புத்தகத்தச் சத்தமாப் படிச்சுக் காட்டுற கருவியப் பத்தி எதுனாலும் கேளுங்க, விலை மட்டும் வேணாம்.

அண்ணே, வாங்கும்போது முதல்ல என்ன பாக்கணும்?

பட்டன்மா. வழுவழுன்னு திரை மட்டும் இருந்தா கடையிலயே வெச்சிட்டு வந்துரு. 5-ஆம் நம்பர் மேல சின்னதா ஒரு மேடு இருக்கணும், விரல் அதப் புடிச்சிட்டா மத்த பட்டன் தானா தெரியும். அப்புறம் ஸ்லீப் டைமர், சொன்ன நேரத்துல தானா நின்னுரும், எனக்கு அது இல்லாத காலத்துல நான் தூங்கிருவேன், அது பாட்டுக்கு விடிய விடிய படிச்சி முடிச்சிருக்கும், எங்க விட்டோம்னு தேடியே ஒரு நாள் போயிரும். டெய்சி புத்தகம், அதான் பார்வை இல்லாதவங்களுக்குன்னு செஞ்ச ஆடியோ புத்தகம், ஓடுதான்னு கேளு, அதுல அத்தியாயம், பக்கம்னு தாவலாம். இயர்போன் ஓட்டையும் முக்கியம், தகரக் கூரையில மழை கொட்டுனா ஸ்பீக்கர் எங்க கேக்குது?

ஹேன்ட்போன்லயே திரையில இருக்கறதப் படிச்சுச் சொல்ற டாக்பேக் இருக்கே, தனியா எதுக்கு?

நானும் வெச்சிருக்கேன். கதை நல்லா போறப்போ யாராச்சும் கூப்புடுவாங்க, அதான் பிரச்சனை. அதோட பட்டன் இல்ல.

பழைய தமிழ் பிடிஎஃப் போட்டா இங்கிலீஷ் எழுத்தா உளறுது, கருவி கெட்டுப்போச்சா?

கருவி நல்லாத்தான் இருக்கு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை யூனிகோட், அது வர்றதுக்கு முந்தி ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட், கண்ணுக்குத்தான் 'அ', உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, கருவி உள்ள இருக்கறதத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாத்திட்டுப் போடுங்க. போட்டோ எடுத்த பக்கம்னா, படத்துல இருக்கற எழுத்தக் கண்டுபுடிக்கிற ஓசிஆர் வேணும்.

எவ்ளோ வெள்ளி ஆகும்?

மேல படிங்க.

கேட்டாலே போதும், புள்ளி எழும்பித் தொட்டுப் படிக்கிற பிரெயில் டிஸ்ப்ளே எதுக்குண்ணே?

அப்படிச் சொல்லாத தம்பி. 'பனி', 'பணி' ரெண்டையும் மிஷின் வாயில கேட்டுப் பாரு, எனக்கு ஒண்ணாத்தான் விழுது. கேட்டே வளந்த புள்ள எப்படி எழுதும்? தொட்டாதான் எழுத்து நிக்கும். 'கெ' எழுத நீங்க கொம்பை முன்னாடி போடுவீங்க, பிரெயில்ல க முதல்ல, எ அடுத்து, வாயில வர்ற மாதிரியே. 20 செல், அதான் 20 பிரெயில் கட்டம் உள்ள டிஸ்ப்ளே போதும், பைக்குள்ள அடங்கும்.

எனக்கு சக்கரையில கண்ணு போச்சு, விரலும் மரத்துப்போச்சு, எந்தப் புள்ளியத் தொடுறது?

அது ஞாயந்தான் ஐயா, உங்களுக்குக் காதுதான். நான் சொன்னது சின்னப் புள்ளைங்களுக்கு.

அப்போ எல்லாருக்கும் பிரெயில்னு ஏன் அடம்புடிக்கிறீங்க?

எல்லாருக்கும்னு எங்க சொன்னேன்? 'புள்ள'ன்னு இருக்கு பாருங்க.

பிரெயில் எங்க கத்துக்கலாம்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல மலேசியப் பார்வையற்றோர் சங்கம், 1951-லேர்ந்து இருக்கு. கேட்டுப் பாருங்க.

அண்ணே, ஹேன்ட்போன் போதாதா?

பட்டன் லா, பட்டன்!